ஓவியக் குளத்து மீன்

சென்ற கோடை விடுமுறைக்கு எங்கள் இல்லத்திற்கு வந்திருந்த பேரன் பத்தாம் வகுப்பிற்குச் செல்லவிருப்பவன். அவ்வகுப்பின் தமிழ்த் தேர்வில் "காட்சியைக் கண்டு கவினுற எழுதுக" என்றொரு வினா கேட்கப்படுவது வழக்கம். ஒரு படம் கொடுக்கப்பட்டிருக்கும். அதனைக் கண்டு மாணவன் தன் சொற்களில் சில வரிகள் எழுத வேண்டும். என் பேரனோ படம் எதுவும் கண்முன் இல்லாமலே அவ்வினாவுக்குரிய விடையை உரக்கப் படித்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். மரம் வந்தால் எழுதுவதற்கு ஒன்று, உழவர் வந்தால் ஒன்று, தாயும் சேயும் வந்தால் ஒன்று என ஆயத்தமாக வைத்திருந்தான். "படம் எப்படியிருந்தாலும் பரவாயில்லை பாட்டி, இவற்றுள் ஒன்றை எழுதிவிடலாம். மதிப்பெண் குறையாது" என்றான்.

அவன் சொன்னதைக் கேட்டுச் சிரித்தேனே தவிர, அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. காணாததைக் கண்டதாக எழுதும் பழக்கத்தை அப்பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தவர் யார்? தேர்வையும் வழிகாட்டி நூலையும் குறை கூறிவிட்டு நாம் ஒதுங்கிவிடலாம். ஆனால் முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையிலும், பின்னர் ஆசிரியர் பயிற்சிப் பணியிலும் கழித்த எனக்கு அவ்வாறு ஒதுங்க மனம் ஒப்பவில்லை. அதே பிழையை நானும் செய்திருக்கிறேன். ஆகவே, இதனைக் கல்வி முறை பற்றிய செய்தியாக மட்டும் கருதாமல், நம் அணுவிரதங்களோடு தொடர்புடைய அறக் கேள்வியாகவே இவ்விதழின் வாசக அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஓவியத்தைக் காட்டி எழுதச் சொல்லும் ஆசிரியர், மாணவனிடமிருந்து எதிர்பார்ப்பது எது? அவன் கண்டதையா, தாம் காண விரும்பியதையா?

படத்தின் துணைகொண்டு மொழி கற்பிப்பது புதிய முறையன்று. கொமேனியஸ் என்னும் ஐரோப்பியக் கல்வியாளர் 1658-ஆம் ஆண்டிலேயே சிறுவர்க்கென்று படப் பாடநூல் ஒன்றை வெளியிட்டார். நம் தொடக்கப் பள்ளிப் பாடநூல்களிலும் "படம் பார்த்துக் கதை எழுதுக" என்னும் பயிற்சி நெடுங்காலமாக உண்டு. நம் சமயத்தார்க்கோ இம்முறை இன்னும் பழமையானது. எழுத்தறியாத இல்லறத்தாரும் அருகன் வரலாற்றை உணர்ந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் ஆலயத்தின் மேல்விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகளை வண்ணங்களில் வரைந்து வைத்தனர் நம் முன்னோர். சித்தன்னவாசல் அறிவர் கோயிலும் அத்தகையதே.

நான் பிறந்தது வந்தவாசிக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூர். என் கணவர் அரசுப் பணியில் இருந்தவர். பணிமாறுதலால் நாங்கள் அறந்தாங்கியில் குடியிருக்க நேர்ந்தது. அங்கிருந்து நாள்தோறும் பேருந்தில் சென்று, கோட்டைப்பட்டினத்துப் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்பிற்குப் பாடம் நடத்தி வந்தேன். பாக் நீரிணையின் கரையில் அமைந்த ஊர் அது. என் வகுப்புப் பிள்ளைகளுள் பெரும்பாலோர் கடலை நம்பி வாழும் குடும்பத்தினர். விடியற்காலையில் கரையில் மீன் ஏலம் முடிந்த பிறகே பல பிள்ளைகள் பள்ளிக்கு வருவர். அவர்கள் உடையில் உப்பு வாடை இருக்கும். புலால் மறுத்த குடும்பத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு முதல் மாதங்கள் பெரும் துன்பமாக இருந்தன என்பதை மறைப்பதற்கில்லை.

1985-ஆம் ஆண்டு. எங்கள் வீட்டிற்கு வந்த நாட்காட்டி ஒன்றில் சித்தன்னவாசல் தாமரைக் குளத்தின் வண்ணப்படம் அச்சிடப்பட்டிருந்தது. அதை மிகுந்த மகிழ்ச்சியோடு வகுப்பிற்கு எடுத்துச் சென்றேன். சித்தன்னவாசல் புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அப்பிள்ளைகளின் மாவட்டத்திலேயே இருந்தும், அவர்களுள் ஒருவரும் அதைப் பார்த்ததில்லை. அங்கே மலையின் ஒருபுறம் ஏழடிப்பட்டம் என்னும் குகையில் நம் முனிவர்கள் தவம் செய்த வழவழப்பான கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் உள்ளன. மற்றொரு புறம் பாறையைக் குடைந்து அமைத்த அறிவர் கோயில். பாண்டியன் அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் அக்கோயிலின் அர்த்த மண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபம் எடுப்பித்தார் என்று அங்குள்ள கல்வெட்டு தெரிவிக்கிறது. கோயிலைப் புதுப்பித்தவரின் பெயரில் "ஆசிரியன்" என்னும் சொல் இருப்பது, ஆசிரியத் தொழில் செய்த எனக்கு எப்போதும் பெருமிதம் தரும்.

அம்மண்டபத்தின் விதானம் முழுவதும் ஒரு குளம். தாமரை மலர்களும் மொட்டுகளும் இலைகளும் நெருங்கிக் கிடக்கின்றன. இடையிடையே மீன்கள், அன்னங்கள், எருமைகள், யானைகள். நீருக்குள் மூன்று ஆடவர் நின்று மலர் பறிக்கின்றனர். ஒருவர் கையில் பூக்கூடை தொங்குகிறது. மற்றொருவர் தாமரைக் கொத்தைத் தோளில் சாய்த்திருக்கிறார். தீர்த்தங்கரரின் சமவசரணத்தில் அமைந்த காதிகா பூமி என்னும் நீர்நிலையே இது என்றும், மலர் பறிப்போர் பவ்வியர்கள் என்றும் அறிஞர் பலர் விளக்குவர். இயற்கைக் குளம் ஒன்றின் காட்சியே என்று கொள்வாரும் உண்டு.

இவ்விளக்கங்களில் ஒன்றையும் நான் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. படத்தைக் கரும்பலகையில் மாட்டி, "பார்த்ததை எழுதுங்கள்" என்று மட்டும் சொன்னேன். அதுவரையில் நான் செய்தது சரியே. அதன் பிறகு நடந்ததுதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

பிள்ளைகள் பலரும் தாமரை அழகாக உள்ளது, யானை பெரியதாக உள்ளது என்றே எழுதியிருந்தனர். ஒரு சிறுமி, "பூவைப் பறித்தால் பூவுக்கு வலிக்காதா?" என்று கேட்டு முடித்திருந்தாள். ஓரறிவுயிர் பற்றிய நம் நூல்களைக் கேட்டறியாத வீட்டுப் பிள்ளை அவள். மகிழ்ந்துபோய் அவ்வேட்டை அடுத்த வகுப்பு ஆசிரியைக்கும் காட்டினேன். அதற்கு அடுத்து என் கைக்கு வந்தது ஒரு மாணவனின் ஏடு. அதில் இருந்த வாக்கியங்கள் இன்றும் எனக்கு நினைவில் உள்ளன.

"குளத்தில் மூன்று பேர் நிற்கிறார்கள். தண்ணீர் இடுப்பளவு இருக்கும். நிறைய மீன் இருக்கிறது. இவ்வளவு மீன் இருந்தும் இவர்கள் பூப் பறிக்கிறார்கள். இவர்களிடம் வலை இல்லை போல. எங்கள் அப்பா இருந்தால் வலை வீசுவார். பெரிய மீனை விற்போம். சின்ன மீனைக் குழம்பு வைப்போம். அப்பா கடலுக்குப் போய் மூன்று நாள் ஆகிறது. படகு வரவில்லை. அம்மா கரையிலேயே நிற்கிறாள். இந்தக் குளத்தில் அலை இல்லை. அதனால் இவர்கள் வீட்டில் யாரும் அழமாட்டார்கள்."

இதைப் படித்து முடித்ததும் என் மனத்தில் எழுந்தது சினமே. அருகன் ஆலயத்து ஓவியம். அதன் நீரில் வலை வீசுவதா? மீனைக் குழம்பு வைப்பதா? சிவப்பு மையால் வலை என்னும் சொல்லிலிருந்து கடைசி வரி வரையில் குறுக்கே கோடிட்டேன். "படத்தில் இல்லாததை எழுதாதே. உயிர்க்கொலையை எழுதாதே. மீண்டும் எழுது" என்று கீழே குறித்தேன். அவனை அருகில் அழைத்து, "மீன்கள் மகிழ்ச்சியாக நீந்துகின்றன என்று எழுது தம்பி" என்றும் சொல்லிக் கொடுத்தேன். அவன் ஒன்றும் பேசவில்லை. "சரி டீச்சர்" என்று ஏட்டை வாங்கிச் சென்றான். மறுநாள் அழகான கையெழுத்தில், "குளத்தில் மீன்கள் மகிழ்ச்சியாக நீந்துகின்றன. மலர்கள் அழகாக உள்ளன. நாம் எல்லா உயிர்களிடத்தும் அன்பு காட்ட வேண்டும்" என்று எழுதி வந்தான். பத்துக்கு எட்டு மதிப்பெண் கொடுத்தேன்.

இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்டிருந்த காலம் அது. அந்நீரிணையில் தொழிலுக்குச் சென்றவர் கரை திரும்பும் வரையில் வீட்டாருக்கு உயிர் நிலைகொள்ளாது. அச்சிறுவனின் தந்தை இயந்திரம் பழுதாகி வேறொரு கரையில் ஒதுங்கி, ஐந்தாம் நாள் நலமாகத் திரும்பினார். அதையும் நான் அவனிடம் கேட்டு அறியவில்லை. உடன் பணியாற்றிய ஆசிரியை ஒருவர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவன் ஏட்டில் அச்செய்தி எழுதப்பட்டிருந்தது. என் கையால் அதற்கும் கோடு போட்டிருந்தேன். அந்த ஆண்டு முழுவதும் அவன் கட்டுரைகளில் பிழை எதுவும் இல்லை. அவனுடைய சொல் எதுவும் இல்லை. என் விருப்பம் எதுவோ அதையே எழுதி வந்தான்.

என் பிழை எனக்குப் புலப்படப் பத்தாண்டுகள் பிடித்தன. 1990-களில் ஆசிரியர் பயிற்சி வகுப்பு ஒன்றில், நற்பண்புகளைப் பாடத்தோடு இணைத்துக் கற்பித்தல் பற்றிப் பேசும்போது இந்நிகழ்ச்சியை ஒரு வெற்றியாகவே எடுத்துரைத்தேன். பயிற்சி மாணவி ஒருத்தி எழுந்து, "அம்மா, அந்த இரண்டாவது கட்டுரையை எழுதியவர் யார்?" என்று கேட்டாள். "அந்தப் பையன்தான்" என்றேன். "நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள் என்றீர்களே அம்மா" என்றாள். ஏளனமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே ஐயம் தெளியக் கேட்டாள். அவளுக்கு விடை சொல்ல என்னால் இயலவில்லை.

வீடு திரும்பியதும் எனக்கு நானே வழக்காடிப் பார்த்தேன். என் பக்கம் வலிமையான ஒரு சான்று இருப்பதாக நினைத்தேன். நம் யசோதர காவியத்தின் கதையை அறியாதவர் நம்முள் இலர். யசோதரன் உயிருள்ள கோழியைப் பலியிடவில்லை. தாய் சந்திரமதியின் சொற்கேட்டு மாவினால் செய்த கோழியையே சண்டமாரிக்குப் பலியிட்டான். அதன் பயனாகத் தாயும் மகனும் விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழன்றனர். உருவத்தைக் கொல்வதும் கொலையே என்றால், ஓவியத்து மீனை வலைவீசிப் பிடிப்பதாக எழுதுவதும் கொலையின் பாற்பட்டது அன்றோ? அதைத் தடுத்த நான் அறத்தையே செய்தேன் அன்றோ?

இவ்வாதத்தைப் பல நாள் எண்ணிப் பார்த்தேன். யசோதரன் கதை நமக்கு உணர்த்துவது மாவின் சிறப்பையன்று, பாவனையின் சிறப்பை. கொல்லும் எண்ணத்தோடு வாளை ஓங்கியதால் மாக்கோழியும் உயிர்க்கோழிக்கு நிகராயிற்று. தத்துவார்த்த சூத்திரமும் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, பிரமத்த யோகம் என்னும் மன மயக்கத்தையே அடிப்படையாக வைக்கிறது. அப்படியாயின் அச்சிறுவனின் பாவனை யாது? கொலையில் அவன் இன்பம் கண்டானா? இல்லை. கடலுக்குச் சென்ற தந்தையை நினைத்தான். கரையில் நிற்கும் தாயை நினைத்தான். அலையில்லாத நீரைக் கண்டு, அங்குள்ளோர் வீட்டில் அழுகை இராது என்று பிறர் நலத்தை எண்ணினான். கருணை என்பது இதுவன்றி வேறு யாது?

மாறாக என் பாவனை யாது? அருவருப்பும், என் சமயம் இழிவுபடுத்தப்பட்டது என்னும் மானமும். அதனினும் கொடியது ஒன்றுண்டு. வினை செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்று வழியாகவும் வினை கட்டுகிறது என்பது நாம் சிறுவயது முதல் கேட்டுவரும் உபதேசம். அவன் மனம் அறிந்திராத ஒன்றை அவன் கண்டதாக எழுதச் செய்தேன். அது பொய்யைச் செய்வித்தல். எட்டு மதிப்பெண் கொடுத்தேன். அது பொய்க்கு உடன்படுதல். கொல்லாமையைக் காப்பதாக எண்ணிக்கொண்டு பொய்யாமையை உடைத்தேன். கொல்லாமையாவது காக்கப்பட்டதா எனில், அதுவும் இல்லை. துன்பத்திலிருந்த பத்து வயதுப் பிள்ளையின் நெஞ்சைப் புண்படுத்தினேன்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். கற்பனையாக எழுதுவதெல்லாம் பொய்தானே? குளத்து எருமை தனக்குள் பேசிக்கொள்வதாக ஒரு பிள்ளை எழுதினால் அது பொய்யாகாதா? ஆகாது என்பதே என் முடிபு. எழுதுபவனும் படிப்பவனும் இது கற்பனை என்று அறிந்திருக்கின்றனர். அங்கே ஏமாற்றுவோரும் இல்லை, ஏமாறுவோரும் இல்லை. நம் புராணங்களில் விலங்குகள் தம் முற்பிறவியை உணர்ந்து பேசுவதை நாம் பொய் என்பதில்லை. தன் நெஞ்சில் இல்லாததை, மதிப்பெண்ணுக்காகவோ அச்சத்தாலோ, தன் நெஞ்சில் உள்ளதாகக் காட்டுவதே பொய். அவன் முதலில் எழுதிய வலை, படத்தில் இல்லாவிட்டாலும் மெய். பின்னர் எழுதிய அன்பு, நல்ல சொல்லாக இருந்தும் அவனுடையதன்று.

அநேகாந்தம் நம் சமயம் உலகுக்குத் தந்த கொடை என்று மேடைதோறும் பேசுகிறோம். பொருள் ஒன்று, அதைக் காணும் நிலைகள் பல, ஒரு நிலையில் நின்று முழுவதையும் கண்டதாகச் சாதிப்பது ஏகாந்தம் என்கிறோம். அறிஞர்களே அக்குளத்தைச் சமவசரணம் என்றும் இயற்கைக் காட்சி என்றும் இருவகையாகக் காணும்போது, கடற்கரைச் சிறுவன் மூன்றாவதாக ஒன்றைக் கண்டதில் என்ன குற்றம்? இதைவிட என்னை வருத்துவது வேறொன்று. "இவ்வளவு மீன் இருந்தும் இவர்கள் பூப் பறிக்கிறார்கள்" என்று அவன் எழுதியிருந்தானே, அவ்வரியை மீண்டும் பாருங்கள். நாற்பது பிள்ளைகளுள் வேறு எவரும் அதைக் கவனிக்கவில்லை. நானும் கவனித்ததில்லை. மீன் நிறைந்த நீரில் இறங்கி நின்றும் மீனைத் தீண்டாமல் மலரை மட்டும் கொய்யும் மனிதர்கள்! அருகன் அறத்தையே வரைந்து வைத்த காட்சி அது. மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவனுக்கே அதில் உள்ள வியப்பு புலப்பட்டது. "ஏன் அவர்கள் மீனைப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறாய், தம்பி?" என்று நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்காமல் கோடு போட்டேன்.

நம் குடும்பங்களில் பிறந்தோர்க்கு இது புதிய அனுபவமன்று என்பதையும் சொல்ல வேண்டும். எனக்கு எட்டு வயதிருக்கும்போது தீபாவளி பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். மகாவீர பகவான் பாவாபுரியில் வீடுபேறு அடைந்த நாள் என்றும், அதனால் நாங்கள் விடியலில் விளக்கேற்றி வழிபடுவோம் என்றும் எழுதினேன். ஆசிரியர் அதை அடித்துவிட்டு நரகாசுரன் கதையை எழுதச் சொன்னார். அழுதுகொண்டே வீட்டிற்கு வந்தேன். அப்பா என் ஏட்டை வாங்கிப் பார்த்து, "நீ எழுதியதும் மெய், அவருக்குத் தெரிந்தது அது, அவ்வளவுதான்" என்று சொல்லித் தேற்றினார். பெரும்பான்மையினர் நடுவே சிறுபான்மையாக வாழும் நம் பிள்ளைகள் பலரும் இவ்வகைச் சிவப்புக் கோட்டை ஏதேனும் ஒரு வகுப்பில் பெற்றே இருப்பர். அதன் வலியை அறிந்திருந்த நானே, கையில் சிவப்பு மை வந்ததும் அதையே இன்னொரு பிள்ளைக்குச் செய்தேன்.

அப்படியாயின் பிள்ளை எதை எழுதினாலும் ஏற்றுக்கொள்ள வேண்டுமா? தன் கொள்கையை ஆசிரியர் மறைத்துக்கொள்ள வேண்டுமா? இரண்டும் வேண்டுவதில்லை. படத்தில் கப்பல் நிற்கிறது என்று ஒருவன் எழுதினால், "எங்கே, காட்டு" என்று அவனைப் படத்திடம் திருப்பி அனுப்ப வேண்டும். அநேகாந்தம் என்பது எதையும் சொல்லலாம் என்னும் உரிமையன்று. அங்கே பொருளும் உண்டு, காண்பவன் நிற்கும் இடமும் உண்டு. பறவையைத் துன்புறுத்தி மகிழ்வதாக ஒருவன் எழுதினால் அவனோடு பேசியாக வேண்டும். "எனக்கு இது வருத்தமாக உள்ளது, காரணம் இது" என்று ஆசிரியர் தம் கொள்கையைத் தம்முடையதாகவே சொல்லலாம். ஆனால் அதை மதிப்பெண்ணின் வழியாகச் சொல்லலாகாது. அவ்வாறு சொன்னால் பிள்ளை கொள்கையைக் கற்றுக்கொள்வதில்லை, நடிப்பைக் கற்றுக்கொள்கிறான்.

இம்முடிவுக்கு வந்த பிறகு பயிற்சி ஆசிரியர்களுக்கு நான் சொல்லிவந்த முறையை, வீட்டிலும் பாடசாலைகளிலும் பயன்படுமென்று கருதி இங்கே தருகிறேன். முதலில் சிறிது நேரம் பேச்சின்றி ஓவியத்தைப் பார்க்கவிட வேண்டும். விளக்கம் எதுவும் முன்கூட்டிச் சொல்லலாகாது. அடுத்து, ஏட்டின் பக்கத்தை நடுவில் கோடிட்டுப் பிரித்து, இடப்பக்கம் "கண்டது" என்றும், வலப்பக்கம் "எண்ணியது" என்றும் தலைப்பிடச் செய்ய வேண்டும். மூன்று ஆடவர் என்பது கண்டது. தண்ணீர் இடுப்பளவு என்பது எண்ணியது. இவ்வாறு பிரித்தறியும் பழக்கம் எழுத்துக்கு மட்டுமன்றிப் பொய்யாமைக்கும் நல்ல பயிற்சி. சித்தன்னவாசலில் சுதை உதிர்ந்து வண்ணம் இழந்த பகுதிகள் நிறைய உண்டு. அங்கே என்ன இருந்திருக்கும் என்று பிள்ளைகளைக் கேட்கலாம். விடை வலப்பக்கத்தில்தான் எழுதப்பட வேண்டும். அதன் பின் "எதனால் அப்படி எண்ணினாய்?" என்று கேட்க வேண்டும். இந்த ஒரு கேள்வி, பிள்ளையின் வாழ்வை நமக்குத் திறந்து காட்டும். கட்டுரை எழுதுவது இத்தனைக்கும் பிறகே. எழுதியதை மற்றப் பிள்ளைகள் கேட்கும்படி படிக்கச் செய்தால், ஒரே படத்தில் எத்தனை படங்கள் இருந்தன என்பது ஆசிரியர் சொல்லாமலே அவர்களுக்கு விளங்கும்.

நம் ஜினாலயங்கள் பலவற்றில் லேசியா மரப் படம் மாட்டப்பட்டிருக்கும். பழுத்த நாவல் மரம் ஒன்று, அதன்கீழ் பசித்த அறுவர். ஒருவன் மரத்தை வேரோடு வெட்ட எண்ணுகிறான். அடுத்தவன் பெருங்கிளையை, மற்றவன் சிறுகிளையை, நான்காமவன் கொத்தை, ஐந்தாமவன் பழத்தை மட்டும் பறிக்க எண்ணுகிறான். ஆறாமவன் தரையில் உதிர்ந்தவற்றை எடுத்து உண்கிறான். கிருஷ்ண லேசியை முதல் சுக்ல லேசியை வரையில் உயிரின் பரிணாமங்களை இதனினும் எளிதாக எவரும் விளக்கியதில்லை. ஆயினும் படத்தின் முன் பிள்ளையை நிறுத்தியவுடன், "வெள்ளைதான் நல்லவன், நீ அவனைப் போல் இரு" என்று முடித்துவிடுகிறோம். பிள்ளையும் தலையாட்டிவிட்டு ஓடிவிடுகிறான். அதற்கு மாறாக, "இவர்களுள் நேற்று நீ யாராக இருந்தாய்?" என்று எழுதச் சொல்லிப் பாருங்கள். கோடைக்காலப் பாடசாலை ஒன்றில் நான் இதைச் செய்தேன். "நேற்று நான் இரண்டாமவன், தங்கையின் பங்கையும் தின்றுவிட்டேன்" என்று எழுதிய சிறுவனை அணைத்துக்கொண்டேன். எட்டு வயதில் அவன் செய்தது பிரதிக்கிரமணம் அல்லாமல் வேறென்ன?

நேமிநாத சுவாமி தம் திருமணத்திற்குச் செல்லும் வழியில், விருந்துக்காக அடைக்கப்பட்டிருந்த விலங்குகளைக் கண்டு மனம் மாறித் துறவு பூண்டார். அவ்விலங்குகளை அன்று ஊர்வலத்தில் வந்த அனைவருமே கண்டிருப்பர். "இவை ஏன் இங்கே உள்ளன?" என்று கேட்டவர் அவர் ஒருவரே. காட்சி எல்லாருக்கும் பொது. கேள்வி அவரவர் நெஞ்சில் எழ வேண்டும். பிறர் எழுப்பிவிட்டுத் தாமே விடையும் சொல்லும் கேள்வியால் எவரும் துறவியானதில்லை, கவிஞரும் ஆனதில்லை.

இப்போது கீழைக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன்கள் இனம் பெருக்கும் காலமென்று அரசு விதித்துள்ள தடை அது. 2001-இல் 45 நாட்களாகத் தொடங்கி, 2017-இல் 61 நாட்களாயிற்று. அந்நாட்கள் வரும்போதெல்லாம் அச்சிறுவன் நினைவுக்கு வருகிறான். இப்போது அவனுக்கு ஐம்பது வயதிருக்கும். கடல் தொழிலில் இருக்கிறானோ, வேறு தொழிலில் இருக்கிறானோ, அறியேன். எப்போது வலை வீச வேண்டும், எப்போது வீசலாகாது, எந்த மீனைத் திரும்ப நீரில் விட வேண்டும் என்பதைப் பற்றியெல்லாம் அவன் வீட்டில் பேசியிருப்பார்கள். அன்று நான் கேட்டிருந்தால், கொல்லாமை பற்றிய உரையாடலை அவன் அறிந்த கடலிலிருந்தே தொடங்கியிருக்கலாம். அவன் சொல்லி நானும் சில அறிந்திருப்பேன்.

விடுமுறை முடிவதற்கு முன் என் பேரனைச் சித்தன்னவாசலுக்கு அழைத்துச் சென்றோம். மூட்டுவலியால் நான் மெல்லவே நடந்தேன். மண்டபத்தில் அவன் கழுத்தை நிமிர்த்தி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பல கேள்விகள் என் நாவின் நுனி வரையில் வந்தன. அடக்கிக்கொண்டேன். வெளியே வந்ததும் அவனே, "அந்த மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை பாட்டி, ஏன்?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. "எழுதிப் பார்" என்றேன்.

தசலட்சண பருவத்தின் முடிவில் நாம் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்பு வேண்டுகிறோம். கோட்டைப்பட்டினத்து வகுப்பறையில் முதல் வரிசையில் அமர்ந்திருந்த அப்பிள்ளையிடம் நான் வேண்ட வேண்டிய மன்னிப்பு நிலுவையில் உள்ளது. அதனை இவ்விதழின் வாயிலாக வேண்டுகிறேன். பிள்ளைகளின் ஏட்டில் சிவப்பு மை தொடும் அன்பர்கள், தொடுமுன் ஒரு முறை முழுவதும் படித்துவிடுங்கள்.

அறம் வளர்க!